ஒற்றிக் காணியிலிருந்து ஈட்டு வீடு வரை

2009 ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென் இலண்டனில் மகனோடு வாழ்ந்து வந்த என் பெரியம்மா முறையான ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போ. கொஞ்சம் கடிதம் வாசிக்க வேணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஊரில் ஆசிரியனாக இருந்தவனை இங்கு வந்த பின்னரும் விட்டுப் போகாத தொழில், பிறர் கடிதங்களை வாசித்துச் சொல்லுதல். அன்று மாலையே சென்றேன்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தனர். பெரியம்மா ஒரு பையைக் கொண்டு வந்து என் முன் வைத்தார். உள்ளே பதினான்கு கடிதங்கள் இருந்தன, பன்னிரண்டு உடைக்கப்படாதவை. கடை வியாபாரம் நொடித்துப் போன மகன், அவற்றை உடைக்கும் துணிவின்றி அலுமாரியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். ஒவ்வொன்றாக உடைத்து வாசித்தேன். வீட்டுக் கடனுக்கான தவணை ஏழு மாதமாகக் கட்டப்படவில்லை. கவுண்டி நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன.

நான் சொன்னதைக் கேட்டுப் பெரியம்மா அழவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "என்ரை சீதனக் காணியை வித்த காசும் இந்த வீட்டிலை கிடக்கு. என்னை எப்படித் தம்பி எழுப்புவினம்?"

2002 ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின்னர் யாழ்ப்பாணத்தில் காணி விலை ஏறியபோது, தன் பெயரிலிருந்த காணியை விற்று, அந்தப் பணத்தை மகன் வீடு வாங்குவதற்கு முற்பணமாகக் கொடுத்தவர் அவர். எம்மவரிடையே எத்தனையோ தாய் தந்தையர் இவ்வாறு செய்துள்ளனர். அவருடைய கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அக்கேள்வியின் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பதைக் கண்டேன். அதனையே இங்கு எழுதுகிறேன்.

எமது ஊரின் ஒற்றி

யாழ்ப்பாணத்தில் கடனுக்குக் காணியை ஈடு வைக்கும் பழைய முறை ஒற்றி எனப்பட்டது. கடன் கொடுத்தவர் காணியைத் தம் வசம் எடுத்துக்கொள்வார். வட்டி என்று தனியாக எதுவும் இல்லை. காணியின் விளைச்சலே, பனையின் பயனே, தோட்டத்தின் வருவாயே வட்டிக்கு ஈடாகும். முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி உரியவரிடம் மீளும்.

இவ்வழக்கத்தையும் ஏனைய வழக்கங்களையும் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுத்து எழுதியவர் யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர். 1707 இல் நிறைவுற்ற அத்தொகுப்பு, தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரால் சரிபார்க்கப்பட்டது. அதுவே தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றனர்.

தேசவழமையில் இன்னொரு வழக்கமும் உண்டு. காணியை விற்க எண்ணுபவர் தம் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வாங்குவதற்கான முதல் உரிமை அவர்களுடையது. ஒல்லாந்தர் காலத்தில், விற்பனை செய்யும் எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இந்த முன்னுரிமை 1947 இல் தனிச் சட்டமாகவும் ஆக்கப்பட்டது.

இதன் நன்மை யாதெனில், ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறப் போகிறது என்ற செய்தி அக்குடும்பத்தின் மூத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வெட்கமோ கௌரவமோ அதனை மறைத்து வைக்க இடந்தராது. இலண்டனில் அலுமாரியின் அடியில் கிடந்த பன்னிரண்டு கடிதங்களைப் பார்த்தபோது, அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் நினைவுக்கு வந்தன.

ஆங்கிலேயரின் 'செத்த ஈடு'

மோட்கேஜ் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் 'செத்த ஈடு' என்பதாகும். கிளான்வில் என்பவர் பெயரால் வழங்கும் 12 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்டநூல் இதனை விளக்குகிறது. ஈடாகப் பெற்ற நிலத்தின் விளைச்சல் முதலைக் குறைக்காவிடின் அது செத்த ஈடு. அவ்வாறாயின், எமது ஊர் ஒற்றியும் ஆங்கிலேயரின் ஆதி மோட்கேஜும் ஒரே வகையின என்று சொல்லலாம்.

பின்னர் இவை இரண்டும் வேறு வழிகளில் வளர்ந்தன. இங்கிலாந்தில் கடன்பட்டவர் நிலத்திலேயே இருந்து வட்டி கட்டும் முறை வந்தது. தவணை நாள் தப்பினால் நிலம் முழுதும் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும் என்ற கொடுமையை, 17 ஆம் நூற்றாண்டில் சான்சரி நீதிமன்றம் தணித்தது. நாள் தப்பினாலும் கடனை அடைத்து மீட்கும் உரிமை உண்டு என்று அது தீர்த்தது. அம்மீட்புரிமையை நீதிமன்றக் கட்டளையால் முற்றாக மூடிவிடும் நடவடிக்கைதான் 'போர்குளோஷர்' எனப்படுவது. அப்படி மூடப்பட்டால் வீட்டின் முழுப் பெறுமதியும், கடனுக்கு மேற்பட்ட பகுதி உட்பட, கடன் கொடுத்தவருக்கே போய்விடும்.

இன்று இங்கிலாந்தில் அது ஏறக்குறைய வழக்கொழிந்து விட்டது. இப்போது நடப்பது வீட்டைக் கைப்பற்றி விற்பது. 1925 ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்தின்படி, விற்ற பணத்தில் கடனும் செலவும் போக எஞ்சுவது வீட்டின் சொந்தக்காரருக்கு உரியது. போதாமற் போனால், குறையும் தொகை அவர் தலையிலேயே கடனாக நிற்கும். "திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தால் கடனும் போய்விடும்" என்று எம்மவர் சிலர் நம்புவது முற்றிலும் தவறு.

கடன் கொடுத்தவருக்கு இச்சட்டம் கொடுக்கும் வலு பெரிது. ஒப்பந்தத்தில் தடை இல்லாவிடின், தவணை தவறாதபோதுகூட வீட்டின் உடைமையைக் கேட்கலாம் என்று 1957 இல் ஒரு நீதிபதி எடுத்துரைத்தார். இதனைக் கட்டுப்படுத்தவே 1970 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு இயற்றப்பட்டது. நியாயமான காலத்துள் நிலுவையைக் கட்டக்கூடியவருக்கு, வெளியேற்றத்தைத் தள்ளிவைக்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தந்தது. நியாயமான காலம் என்பதை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஓரிரு ஆண்டுகளாகவே கொண்டிருந்தன. நோர்கன் என்ற பெண்மணியின் வழக்கில் 1995 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. கடனின் எஞ்சிய காலம் முழுவதையுமே கணக்கின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று அது தீர்த்தது. அத்தீர்ப்பினால் காக்கப்பட்ட வீடுகள் பல.

மூன்று வீடுகள், நான்கு முதியவர்கள்

பிள்ளைக்காக வீட்டை இழக்கும் முதியவரின் துயரம் எமக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் நீதிமன்றங்களில் ஆங்கிலேய முதியவர்களே இத்துயரத்தோடு வந்து நின்றிருக்கின்றனர்.

முதலாமவர் ஹேர்பேட் பண்டி. வில்ற்சயர் மாவட்டத்தின் புரோட்சோக் கிராமத்து விவசாயி. முந்நூறு ஆண்டு பழைமையான பண்ணை வீடே அவருடைய ஒரே சொத்து. மகன் நடத்திய கம்பனிக்காக அவர் வங்கியில் பிணை நின்றார். 1969 மே மாதத்தில், மகனுக்காக 5,000 பவுணுக்கு மேல் பிணை நிற்க வேண்டாம் என்று அவருடைய சட்டத்தரணி சொன்னார். அதே ஆண்டு டிசெம்பரில் வங்கியின் உதவி முகாமையாளர், நிரப்பப்பட்ட பத்திரங்களோடும் மகனோடும் வீட்டுக்கே வந்தார். கிழவர் அவ்விடத்திலேயே கையெழுத்திட்டார். பிணை 11,000 பவுணாக உயர்ந்தது. வீட்டின் பெறுமதியோ ஏறக்குறைய 10,000 பவுண் மட்டுமே.

மகனின் தொழில் வீழ்ந்தது. லொயிட்ஸ் வங்கி கிழவரை வெளியேற்ற வழக்குத் தொடுத்தது. சாட்சிக் கூண்டிலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. கீழ்நீதிமன்றத்தில் தோற்றார். 1974 யூலையில் டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் காப்பாற்றியது. வங்கியையே நம்பியிருந்த முதியவரை, வேறெவரிடமும் ஆலோசனை பெறும்படி சொல்லாமல் கையெழுத்திட வைத்தது செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கை அவர் இலவச சட்ட உதவியைக் கொண்டு நடத்தினார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தவர்கள் பிளெக் தம்பதியர். தமது பழைய வீட்டை விற்று, மகளோடும் மருமகனோடும் சேர்ந்து வாழ்வதற்காக 18,000 பவுணுக்கு மேல் கொடுத்தனர். 34,000 பவுணுக்கு வாங்கப்பட்ட அவ்வீட்டின் பெயர், வியப்பாக, 'பிளீக் ஹவுஸ்'. சான்சரி நீதிமன்றத்தைச் சாடி சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய நாவலின் பெயரும் அதுவே. வீடு மகள், மருமகன் இருவர் பெயரில் மட்டும் பதியப்பட்டது. அவ்விருவரும் 1982 இல், பெற்றோருக்குத் தெரியாமல், அவ்வீட்டின் மேல் 37,500 பவுண் புதுக் கடன் பெற்றனர். அதனைக் கட்டவும் தவறினர். 1987 மே மாதத்தில் பிரபுக்கள் சபை பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெயர் பதிந்த இருவரிடம் கடன் தொகை கொடுக்கப்பட்டதும், வீட்டின் மேல் பெற்றோருக்கிருந்த பங்கு அப்பணத்தின் மேல் மாறிவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. அப்பணமோ எப்போதோ கரைந்து போயிருந்தது.

அடுத்து டெய்சி கான் என்ற தாய். 1984 ஆகஸ்டில் மகன் புதுவீடு வாங்கியபோது, அதில் தம் பங்கும் உண்டென்று அவர் நம்பியிருந்தார். ஏறக்குறைய 4,000 பவுண் மட்டும் குறைகிறது என்றே மகன் சொல்லியிருந்தான். உண்மையில் அவன் பெற்ற கடன் 25,000 பவுண். வீடு கைமாறிய நாளில் தாய் விடுமுறையில் நெதர்லாந்தில் இருந்தார். அவருடைய தளபாடங்களும் கம்பளங்களும், கைமாற்றம் நிறைவேறுவதற்கு முப்பத்தைந்து நிமிடங்கள் முன்னரே வீட்டினுள் வரத் தொடங்கியிருந்தன. அந்த முப்பத்தைந்து நிமிடங்கள் அவரைக் குடியிருப்பவராக ஆக்குமா என்று 1990 மார்ச்சில் பிரபுக்கள் சபை ஆராய்ந்தது. ஆக்காது என்று தீர்த்தது. கடன் இன்றி வாங்க முடியாத வீட்டில் கடன் கொடுத்தவருக்கே முதலிடம் என்றும் சொன்னது.

ஹேர்பேட் பண்டி தப்பினார். ஏனைய மூவரும் தப்பவில்லை. பிள்ளைகளுக்கு நன்மை செய்தவர்கள்தாம் நால்வரும். அவர்களுள் மூவர் தோற்றதற்குக் காரணம், பதிவிலுள்ள பெயருக்கு முன் அவர்களுடைய பங்கு நிற்கவில்லை என்பதேயாகும்.

ஒரு பக்கப் பத்திரம்

இவற்றுக்கு முன்னர், 1980 யூனில், போலண்ட் என்ற பெண்மணியின் வழக்கில் பிரபுக்கள் சபை வேறொரு முக்கியமான தீர்ப்பை வழங்கியிருந்தது. வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்தது. எனினும் பணம் போட்டு அவ்வீட்டில் வாழ்ந்து வந்த மனைவியை விசாரிக்காமல் கடன் கொடுத்த வங்கி, அவரை வெளியேற்ற முடியாது என்று தீர்க்கப்பட்டது.

வங்கிகள் இத்தீர்ப்பிலிருந்து விரைவாகப் பாடம் கற்றன. அன்று முதல், வீட்டில் வாழும் வயது வந்தோர் அனைவரிடமும் ஒரு பக்கப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்குவது வழக்கமாயிற்று. "எனக்கு இவ்வீட்டில் ஏதும் உரிமை இருப்பின், அது கடன் கொடுத்தவரின் உரிமைக்குப் பிற்பட்டதே" என்பதே அதன் கருத்து. போலண்ட் வழக்கு கொடுத்த பாதுகாப்பை ஒரு கையெழுத்து நீக்கிவிடுகிறது.

பெரியம்மாவிடம் கேட்டேன். 2007 இல், மகன் கடைக்காக மேலதிகக் கடன் எடுத்தபோது ஒரு தாளில் கையெழுத்திட்டது அவருக்கு நினைவிருந்தது. அதனைத் தமிழிலேயே இட்டிருக்கிறார். "வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை விபரம் எண்டான் பிள்ளை" என்றார்.

பிள்ளையின் கடனுக்கு ஈடாகத் தம் சொந்த வீட்டையே கொடுக்கும் பெற்றோரின் நிலை பின்னர் ஓரளவு திருந்தியது. 1993 இல் ஓபிறையன் வழக்கிலும், 2001 இல் எற்றிட்ஜ் வழக்கிலும் பிரபுக்கள் சபை வங்கிகளுக்கு விதிகளை வகுத்தது. பிறர் கடனுக்குக் குடும்பப் பாசத்தால் பிணை நிற்பவருக்கு, அப்பத்திரத்தின் விளைவைச் சட்டத்தரணி ஒருவர் நேரிற் சந்தித்து, அவருக்கு விளங்கும் சொற்களில் எடுத்துச் சொல்ல வேண்டும். கடனாளி அவ்விடத்தில் இருத்தல் ஆகாது. தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு மகனே மொழிபெயர்ப்பாளனாக இருந்தால் இவ்விதியின் நோக்கம் என்னவாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அலை மீண்டும் வரும்

1988 மே மாதத்தில் 7.5 சதவீதத்துக்குக் குறைந்திருந்த வங்கி வட்டி, 1989 ஒக்டோபரில் 15 சதவீதமாயிற்று. வீட்டு விலையும் விழுந்தது. 1991 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் ஏறக்குறைய 75,500 வீடுகள் கைப்பற்றப்பட்டன. ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், வெம்பிளி பகுதிகளில் எம்மவர் தம் முதல் வீடுகளை வாங்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. 2008 இன் நிதி நெருக்கடியில் இரண்டாம் அலை வந்தது; 2009 இல் கைப்பற்றப்பட்டவை நாற்பதாயிரத்துக்கும் மேல். 2021 டிசெம்பரில் 0.1 சதவீதமாக இருந்த வட்டி, 2023 ஆகஸ்டில் 5.25 ஆக உயர்ந்தபோது, தவணை இரட்டித்ததென்று கண்கலங்கியவர்களை நானே கண்டேன்.

ஒவ்வோர் அலையின் பின்னரும் ஒரு சில பாதுகாப்புகள் சேர்ந்துள்ளன. வழக்கிடுமுன் கடனாளியோடு பேசித் தீர்வு தேட வேண்டும் என்ற நெறிமுறை 2008 நவம்பரில் வந்தது. கடன் சுமையிலுள்ளவருக்கு அறுபது நாள் மூச்சுவிடும் அவகாசம் தரும் திட்டம் 2021 மே மாதத்தில் வந்தது. 2023 யூனில் பெரும்பாலான கடன் நிறுவனங்கள், முதல் தவணை தவறியதிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் கடனாளியின் சம்மதமின்றி வீட்டைக் கைப்பற்றுவதில்லை என உடன்பட்டன. 2023 ஆகஸ்ட் முதல் வீடிழக்கும் ஆபத்திலுள்ளோருக்கு, வருமானம் பார்க்காது, இலவச சட்ட ஆலோசனையும் நீதிமன்றத்தில் அன்றைய நாளுக்கான சட்டத்தரணியும் கிடைக்க வழி செய்யப்பட்டது. இவை யாவும் கடிதத்தை உடைத்து வாசிப்பவருக்கே பயன்படும்.

முதியோருக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கணவன் அல்லது மனைவிக்கு வீட்டில் சட்டம் தரும் குடியிருப்புரிமை, தாய் தந்தையருக்கு இல்லை. பிள்ளையின் பொறுப்பேற்புக் கடிதத்தின் மேல் இந்நாட்டுக்கு வந்த பெற்றோருக்கு, அப்பிள்ளை உயிரோடிருக்கும்வரை, முதல் ஐந்தாண்டுகளில் அரச உதவி பெரும்பாலும் மறுக்கப்படும். அத்தகைய தடை இல்லாதவர்கள், முதுமையினால் நலிவுற்றோராயின், வீடற்றோருக்கான சட்டத்தில் முன்னுரிமை கோரலாம். 2018 ஏப்ரலிலிருந்து, வீட்டை இழக்க ஐம்பத்தாறு நாள் இருக்கும்போதே உள்ளூராட்சி மன்றம் உதவத் தொடங்க வேண்டும். ஊரில் பிஸ்கால் என்போமே, அந்த பெய்லிஃப் கதவில் தட்டும்வரை காத்திருத்தல் கூடாது.

பெயரில்லாத கடிதம்

அந்த ஞாயிறு மாலை உடைத்த கடிதங்களுள் ஒன்றில் எவருடைய பெயரும் இல்லை. 'குடியிருப்போருக்கு' என்று மட்டும் முகவரி இருந்தது. மகன் அதனையும் மற்றவற்றோடு ஒளித்திருந்தான். அதன் பொருளைப் பின்னர்தான் அறிந்தேன். கடனாளி தவிர்ந்த ஏனையோரும் வழக்கை அறியவேண்டும் என்பதற்காக, விசாரணைத் திகதியைக் குறிப்பிட்டு வீட்டுக்கு அத்தகைய கடிதம் அனுப்ப வேண்டும் என்பது நீதிமன்ற விதி. பதினான்கு கடிதங்களுள் பெரியம்மாவுக்கு உரியது அது ஒன்றே. ஒல்லாந்தரின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இந்நாட்டில் எஞ்சியிருக்கும் ஈடு அதுதான் போலும்.

அன்றிரவு மகன் வந்ததும் மேசையைச் சுற்றி இருந்தோம். முதலில் சத்தம் போட்டான், பின்னர் அழுதான். மறுநாள் கடன் நிறுவனத்தோடு பேசினோம். சம்பளச் சீட்டுகளையும் வரவு செலவுக் கணக்கையும் ஒழுங்காக எழுதினோம். நீதிமன்றத்தில் இருந்த இலவசச் சட்டத்தரணி அவற்றைப் பார்த்தார். பெரியம்மாவின் உரிமையை வாதிடலாம், ஆனால் அந்த ஒரு பக்கப் பத்திரம் குறுக்கே நிற்கும், நிலுவையைக் கட்டும் வழியே பாதுகாப்பானது என்றார். 1970 ஆம் ஆண்டின் சட்டமும் நோர்கன் தீர்ப்பும் எடுத்துரைக்கப்பட்டன. விசாரணை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. மாதத் தவணையோடு நிலுவையையும் சிறு தொகையாகக் கட்டிவரும் வரை வெளியேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது.

வீடு நிலைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கட்டிய பின், முடியாதென்று கண்டு, அவர்களாகவே நல்ல விலைக்கு விற்றனர். பிறர் கைப்பற்றி விற்காதபடியால் கையில் ஏதோ மிஞ்சியது. அதில் பெரியம்மாவின் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, மகனும் மகளும் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தனர். அவர் கொடுத்த பணத்தின் பாதியும் அதில் வரவில்லை. ஆயினும், இந்நாட்டில் அவருடைய பெயருக்கென்று எழுதப்பட்ட முதல் உறுதி அதுவே என்று சொல்லி, அதனைச் சாமிப் படத்தின் பின்னால் வைத்துக்கொண்டார்.

வாடகை வீட்டுக்குப் போன பின்னர் அவர் ஒரு விதி விதித்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின், அந்த வாரம் வந்த கடிதங்கள் அனைத்தும் மேசையில் வைக்கப்பட்டு, எல்லோர் முன்னிலையிலும் உடைக்கப்பட வேண்டும். ஆங்கிலம் அறியாத அவர், ஒவ்வொரு உறையும் உடைபடுவதைக் கண்ணாற் கண்ட பின்பே எழுந்து அடுப்படிக்குப் போவார்.